மறு: கிளப் பண்பாட்டிலிருந்து வந்த குழு ஆடலுக்கு என்ன சொல்?

எல்லோருக்கும் வணக்கம்.

பட்டறைக் கைநூலுக்காகத் தங்கச்சி கேட்டது ஒரேயொரு சொல்தான்: இரவு கிளப்புகளில் பிறந்து இன்று மேடைக்கும் வந்திருக்கும் குழு ஆடலுக்குத் தமிழில் ஒரு பெயர். அதற்கு வந்த மடல்களை எல்லாம் நேற்றிரவு ஆறுதலாக இருந்து வாசித்தேன்.

‘இரவுவிடுதி நடனம்’ வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அதைக் கேட்டதும் நமக்கு நினைவு வருவது பழைய சினிமாவில் வில்லன் மேசையில் இருக்க, நடுவில் ஒருத்தி ஆடும் காட்சி. ஆடுபவர் ஒருவர், பார்ப்பவர் பலர். நாம் பெயர் தேடும் ஆடலின் ஊற்று இதற்கு நேர்மாறு. 1977இல் சிக்காகோவில் திறந்த வெயர்ஹவுஸ் கிளப்பில் பிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுப் போட்டபோது வந்தவர்கள் எல்லோருமே ஆடினார்கள். வெளியில் ஒதுக்கப்பட்ட கறுப்பின, லத்தீன் இளைஞர்களும் தன்பாலீர்ப்பாளர்களும் விடியும்வரை அச்சமில்லாமல் நின்ற இடம் அது. ‘ஹவுஸ்’ இசைக்கு அந்தக் கிளப்பின் பெயரிலிருந்துதான் பெயர் வந்தது என்பார்கள். அதனால் ‘கேளிக்கை நடனம்’ என்பதையும் நான் ஏற்கமாட்டேன்.

‘அதிர்வு நடனம்’ என்று ரொறன்ரோ அண்ணா எழுதியது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடன அமைப்பாளர் ஜிசேல் வியென் 2017இல் உருவாக்கிய படைப்பில் 15 பேர் மண் பரப்பிய மேடையில் ஓர் இரவு விருந்தை ஆடிக்காட்டுகிறார்கள். பின்னால் டெக்னோ என்ற கிளப் இசை அடித்துக்கொண்டிருக்க, உடல்கள் நீருக்குள் நகர்வதுபோல் மெல்ல நகர்கின்றன. அங்கே ‘அதிர்வு’ பொருந்தாது.

‘குழு நடனம்’ ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். கிளிநொச்சியில் எந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்டாலும், தமிழ்த்தினப் போட்டிக்கு ஒரே நிற உடுப்போடு வரிசை மாற்றி ஆடுவது என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். இஸ்ரேலிய நடனப் படைப்பாளர்கள் ஷரோன் எயால், காய் பெஹார் இருவரின் படைப்பொன்றின் சிறு துண்டை என் வகுப்பில் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். பெஹார் முன்பு டெல் அவிவில் இரவு விருந்துகள் நடத்தியவர். பார்த்துவிட்டு ஒரு பிள்ளை, “சேர், எல்லாரும் ஒண்டாத்தான் ஆடினம். ஆனா ஒருத்தரும் மற்றாளைப் பாக்கேல்லை” என்றாள். நாம் தேடும் சொல்லுக்கு இதைவிட நல்ல வரைவிலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதனால்தான் ‘புதுக்குரவை’யையும் மனமில்லாமல் விடுகிறேன். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்கும் குரல், துத்தம், கைக்கிளை என்று ஏழு சுரங்களின் பெயரிட்டு வட்டமாக நிறுத்துகிறாள். அழகான ஒழுங்கு! ஆனால் குரவைக்கு உயிர் கைகோத்தல். கிளப்பில் கை கோப்பதில்லை. தாளம் மட்டுமே கோக்கிறது. துணங்கை என்ற சங்ககாலக் கூத்து இன்னும் கிட்ட வருகிறது. இரவில், விளக்கொளியில், முடக்கிய கைகளால் விலாவில் அடித்து ஆடியது. ஆனால் அது இன்று எவர் வாயிலும் இல்லை. கைநூலின் விளக்கத்தில் சேர்க்கலாம், தலைப்பில் வைக்க முடியாது. ‘துடியாடல்’ என்ற எண்ணம் எனக்கே வந்தது. துடிப்பும் உண்டு, துடி என்ற பறையும் உண்டு. அப்புறம்தான் சிலப்பதிகாரம் சொல்லும் பதினோராடலில் முருகனின் துடிக்கூத்து இருப்பது நினைவு வந்தது, அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்கு உரியது.

என் பரிந்துரை: திரளாடல்.

காரணம் பயிற்சியறையிலேயே கிடைத்தது. கலைச்சொல் பெயராக மட்டும் நின்றால் ஆடுபவருக்கு உதவாது, அதை ஏவலாகவும் சொல்ல வரவேண்டும். “குழுவாகுங்கோ” என்றபோது பிள்ளைகள் நாலு நாலு பேராகப் பிரிந்து நின்றார்கள். “திரளுங்கோ” என்றேன், நடுவில் ஒன்றாய் வந்து சேர்ந்தார்கள். “கலையுங்கோ” என்றேன், முகில் கலைவதுபோல் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் போனார்கள். எவருக்கும் எதையும் விளக்கவேண்டி வரவில்லை. முகிலும் திரளும், வெண்ணெயும் திரளும், சனமும் திரளும்.

‘திரள்’ என்றால் தனி ஆள் காணாமல் போகிறாரே என்று சென்னை ஐயா கேட்டிருந்தார். எனக்கும் ஒரு தயக்கம் இருந்தது, வேறு காரணத்தால். வன்னியில் சனத்திரள் என்றால் 2009 போரின் கடைசி நாட்கள்தான் முதலில் வரும். நந்திக்கடல் பக்கம் நாங்கள் திரளாகத்தான் நடந்தோம். இரண்டு நாள் இந்தச் சொல்லை எழுதாமல் வைத்திருந்தேன். ஆனால் அதே நந்திக்கடல் கரையில்தான் வற்றாப்பளை அம்மன் கோவில் இருக்கிறது. வைகாசிப் பொங்கல் இரவில் அங்கே திரளும் சனத்துக்கும் இதே சொல்தான். ஒவ்வொருவரும் தன் நேர்த்திக்கடனோடு வருகிறார், ஒருவரும் காணாமல் போவதில்லை. இந்தச் சொல்லைத் துயரத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கிளப் ஊற்றைக் காட்டவேண்டிய இடத்தில் ‘இராத்திரளாடல்’ எனலாம். ‘இராத்திரி’யும் காதில் விழுகிறது. பகலில் மண்டபத்தில் ஆடினால் ‘இரா’ எதற்கு என்று கேட்பீர்கள். விடிய விடியக் களரி என்ற திறந்தவெளி வட்ட அரங்கில் ஆடிய கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மேடைக்காகச் சுருக்கினார். கூத்து என்ற பெயர் மாறவில்லையே.

‘பெர்ஃபோமன்ஸ்’ என்பதற்கு ‘ஆற்றுகை’யா ‘நிகழ்த்துகை’யா என்ற பழைய வழக்கை இங்கே இழுக்கவேண்டாம். கைநூல் இங்கே அச்சாகிறது, ஆற்றுகை என்றே இருக்கட்டும்.

சரி, இன்னொரு சொல் பாக்கி. தாளம் சட்டென்று நின்று, எல்லோரும் காத்திருக்க, அடித்தாளம் மறுபடி வந்து விழும் அந்தக் கணத்துக்கு, ஆங்கிலத்தில் ‘டிராப்’ என்பதற்கு, என்ன சொல்வது? ‘வீழ்ச்சி’ எனக்குப் பிடிக்கவில்லை, அங்கே உடல் எழும்புகிறது. முல்லைத்தீவில் கோவலன் கூத்துக்கு மத்தளம் அடிக்கும் பெரியவர் ஒருவரை ஞாயிறு பார்க்கப் போகிறேன். தாளத்தை முடித்துவைக்கும் அடியான தீர்மானத்துக்கு முன் விடும் இடைவெளிக்கு அவர்களிடம் பெயர் இருக்கிறதா என்று கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து