பலதுறை மருந்தகத்துக்கு ஆள் வேண்டும்: வெளியிலிருந்து அழைப்பதா, இங்கிருப்பவர்களைத் தயார்ப்படுத்துவதா?

ஈசூன்வாசி

போன வாரம் அம்மாவை இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது அரசாங்கப் பாலிகிளினிக்குக்கு, கூட்டிப் போனேன். வயது 74, இருபது வருடமாகச் சர்க்கரை. அன்றைக்குக் கால் பரிசோதனை. பேனா மாதிரி ஒரு பிடி, அதன் நுனியில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. அதைப் பாதத்தில் அங்கங்கே தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தாதி நல்ல பிள்ளை, பொறுமையானவர், வேறு நாட்டிலிருந்து வந்தவர். ஒவ்வொரு முறை தொடும்போதும் ஆங்கிலத்தில் கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. எதற்கும் "ஓக்கே, ஓக்கே" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. "கண்ணை மூடிக்குங்கம்மா, படும்போது மட்டும் சொல்லுங்க" என்றேன். தாதி முதலிலிருந்து மறுபடி தொட்டார். வலது கால் கட்டைவிரலிலும் அதற்குக் கீழேயும் தொட்டபோது அம்மா வாயே திறக்கவில்லை. நான் அன்று வேலைக்குப் போயிருந்தால் அம்மாவின் அட்டையில் "உணர்ச்சி சரியாக உள்ளது" என்றுதான் பதிவாகியிருக்கும்.

அன்றிலிருந்து இதே யோசனைதான். 2022இல் சுகாதார அமைச்சர் ஓங் யீ காங் ஒரு கணக்குச் சொன்னார்: தாதியர், சிகிச்சையாளர்கள், துணைப் பராமரிப்பு ஊழியர்கள் எல்லாம் சேர்த்து 58,000 பேர் இருக்கிறார்கள், 2030க்குள் 82,000 ஆக வேண்டும். அதே 2030க்குள் பலதுறை மருந்தகங்களும் 32 ஆகப்போகின்றன. கட்டடம் எழும்பிவிடும். உள்ளே உட்காரப்போவது யார்?

என் கருத்து இது. வெளிநாட்டில் ஆள் தேடச் செலவழிக்கும் பணத்தை முதலில் இங்கே 40, 50 வயதில் இருக்கும் பெண்கள்மீது போடுங்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டன, அலுவலக வேலை போய்விட்டது, தமிழோ மலாயோ ஹொக்கியனோ நன்றாகப் பேசுவார்கள், பேட்டையை அறிந்தவர்கள். பகுதிநேரமாக எடுத்தால் வருவார்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

திருச்சிக்காரி

அண்ணே, முதலில் அம்மா விஷயம். நீங்கள் கண்ணை மூடச் சொன்னது ரொம்பச் சரி. அந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டிய முறையே அதுதான்.

மற்றதில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நான் 2014இல் இங்கே தாதியாக வந்தேன். 24,000 பேர் கூடுதலாக வேண்டும் என்கிறீர்கள். பிறப்பு விகிதம் இப்படி இறங்கிக்கொண்டிருக்கும் ஊரில் அத்தனை பேரும் உள்ளூரிலேயே கிடைப்பார்களா? 2030இல் சிங்கப்பூரர்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார். பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கூடிக்கொண்டே போக, பார்த்துக்கொள்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்பதைவிட, வந்தவர்கள் தங்கவில்லை என்பதுதான் இங்கே பெரிய ஓட்டை. 2021இல் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 1,500 சுகாதார ஊழியர்கள் விலகினார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒரு முழு வருடத்துக்கே சுமார் 2,000 பேர்தான். அந்த ஆறு மாதத்தில் போன வெளிநாட்டுத் தாதியர் ஏறக்குறைய 500 பேர், அதாவது 2020 முழுவதும் போன அளவு. உள்ளூர்த் தாதியரைப்போல இரண்டு மடங்கு விகிதத்தில் நாங்கள் விலகினோம்.

ஏன் என்று யாராவது எங்களைக் கேட்டீர்களா? குடும்பத்தைக் கூட்டி வர வேண்டுமென்றால் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். எங்களில் பெரும்பாலோருக்கு அது எட்டாக்கனி. என் மகன் திருச்சியில் என் அம்மாவிடம் வளர்கிறான். முதல் பல் விழுந்ததைக் கைப்பேசியில்தான் காட்டினான். ஆஸ்திரேலியாவுக்குப் போன என் தோழி கணவனையும் பிள்ளையையும் முதல் வருடமே கூட்டிப் போய்விட்டாள். அவளுக்கு இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பது எப்படி, புண்ணுக்குக் கட்டுப்போடுவது எப்படி என்று பழக்கிவிட்டது சிங்கப்பூர். பலன் அங்கே.

உள்ளவர்களைத் தங்க வையுங்கள். அதுதான் ஆள் சேர்ப்பில் முதல் வேலை.

பாத்தோக் பையன்

மொழிதான் பிரச்சினை என்றால் மொழிபெயர்க்கும் செயலி இருக்கிறதே. தாதி ஆங்கிலத்தில் பேசினால் தமிழில் சொல்லிவிடும். இதற்குப் போய் ஆள்சேர்ப்புக் கொள்கையை மாற்ற வேண்டுமா?

திருச்சிக்காரி

தம்பி, வயதானவர்கள் யாரும் "எனக்குப் பாதத்தில் உணர்விழப்பு" என்று சொல்ல மாட்டார்கள். "கால் மதமதன்னு இருக்கு" என்பார்கள். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கும்மா" என்பார்கள். ஒரு பாட்டி என்னிடம், "செருப்பு எப்பக் கழண்டுச்சுன்னே தெரியல" என்றார், அதுவும் கிளம்பும் நேரத்தில், கதவைப் பிடித்துக்கொண்டு. மூன்றும் ஒரே செய்திதான்: நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது. செயலி சொல்லை மாற்றித் தரும். பாட்டியைத் திரும்ப உட்கார வைத்துக் காலைப் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என்னை ஒரு நாளில் மூன்று நான்கு முறை பக்கத்து அறைக்குக் கூப்பிடுவார்கள், தமிழ் பேச. என் நோயாளி காத்திருப்பார். அந்த நேரம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஈசூன்வாசி

தங்கச்சி, நீங்கள் சொன்னதே என் வாதத்துக்கு வலு. வந்தவர்கள் தங்காமல் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள் என்றால், அவர்களை நம்பி எப்படி 32 மருந்தகம் நடத்துவது? நோய் வருமுன் காக்க அரசு கொண்டுவந்த ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியபோது சொன்னது என்ன? 40 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரே குடும்ப மருத்துவர், ஒரே இடம், நீண்டகால உறவு. ஒவ்வொரு முறையும் புது முகம் வந்து அம்மாவிடம் முதலிலிருந்து கதை கேட்டால் அது என்ன உறவு?

என் மனைவிக்கு 48 வயது. கப்பல் நிறுவனத்தில் கணக்குப் பார்த்தவள், ஆட்குறைப்பில் வெளியே வந்தாள். அவள் இதே பேட்டையில் இன்னும் இருபது வருடம் இருப்பாள்.

ராத்திரி ஷிப்ட்

22 வருடமாகத் தாதி. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தவள். இரண்டு பேர் சொல்வதிலும் எனக்குக் குறை இருக்கிறது.

ஈசூன் அண்ணே, நடுவயதில் தொழில் மாறி வருபவர்களுக்குத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டு வருட முழுநேரப் பட்டயம், கட்டணத்துக்கு உதவி, படிக்கும்போது மாதப்படி, முடித்ததும் ஒப்பந்தக் காலம். அப்படி வந்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன், அருமையானவர்கள். நோயாளி அழுதால் என்ன செய்வது என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஊசி, மருந்து அளவு, புண் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நின்று சொல்லித் தர ஒருத்தி வேண்டும். மூன்று பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கும் இடத்தில் அந்த ஒருத்தி யார்? நான்தான். என் நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு, புதியவரின் கையையும் கவனித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டை மூன்றரைக்குச் சாப்பிடுவேன். ஆள் சேர்க்கும் திட்டம் எதிலும் கற்றுக்கொடுப்பவரின் நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை.

ஏஞ்சல் திட்டத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. 2024இல் அறிவித்தார்கள். பொதுத்துறைத் தாதியர் சுமார் 29,000 பேருக்கு, இருபது வருடத்தில் ஒரு லட்சம் வெள்ளி வரை. நான்கிலிருந்து ஆறு வருடத்துக்கு ஒருமுறை இருபது, முப்பதாயிரமாகக் கைக்கு வரும். நல்ல திட்டம், நன்றியோடு சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் நான்கு வருடம் வேலை செய்தால் உண்டு. ஆனால் அந்தப் பணம் இன்றைக்கு என் பக்கத்தில் இன்னொரு தாதியைக் கொண்டுவந்து நிறுத்தாது.

அப்புறம் ஒன்று. பலதுறை மருந்தகத்தில் காலை எட்டிலிருந்து மாலை நாலரை வரைதான் வேலை, சனிக்கிழமை அரை நாள், இரவுப் பணி கிடையாது. சிறு பிள்ளை வைத்திருக்கும் மருத்துவமனைத் தாதியர் எல்லாருக்கும் அங்கே ஒரு கண். மருந்தகம் புதிதாக ஆள் எடுத்தால் பல நேரம் வார்டு ஒன்று காலியாகிறது. இதைச் சேர்த்துக் கணக்குப் போடாமல் 32 மருந்தகம் என்று எண்ணுவதில் பயனில்லை.

பொங்கோல் அப்பா

வேறு ஊர் அனுபவம் ஒன்று சொல்கிறேன். வேலைக்காக ஆறு வருடம் பாஸ்டனில் இருந்தேன். அமெரிக்காவின் முதல் சமூகச் சுகாதார நிலையங்களில் ஒன்று 1965இல் அங்கேதான் தொடங்கியது, கொலம்பியா பாயிண்ட் என்ற ஏழைகள் குடியிருப்பில். இன்று நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள். மருத்துவர் போகத் தயங்கும் பகுதிகளுக்கு ஆள் கிடைக்க அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: அங்கே குறைந்தது இரண்டு வருடம் வேலை செய்தால், படிப்புக் கடனில் ஒரு பகுதியை அரசு அடைத்துவிடும். இங்கேயும் செய்யலாமே?

ராத்திரி ஷிப்ட்

அங்கே படித்து முடிக்கும்போது கழுத்தளவு கடன். அதனால் அந்தத் தூண்டிலில் மீன் விழுகிறது. இங்கே படிப்புக் கட்டணத்தில் பெரும் பங்கை அரசே ஏற்று, பதிலுக்கு ஒப்பந்தம் போட்டுவிடுகிறது. அடைக்கக் கடன் இல்லாத இடத்தில் கடன் அடைப்புத் திட்டம் யாரை இழுக்கும்?

பொங்கோல் அப்பா

சரி, அந்த வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே எனக்குப் பிடித்த விதி வேறு. அந்த நிலையங்களின் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கேயே சிகிச்சை பெறும் நோயாளிகளாக இருக்க வேண்டும். அது சட்டம். எந்த மொழி பேசும் ஆள் வேண்டும் என்பதை அதே வரிசையில் காத்திருப்பவர்கள் பேசி முடிவெடுக்கிறார்கள். ஈசூன் அண்ணனின் அம்மா மாதிரி ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால், தமிழ் பேசும் தாதி எந்தக் கிழமை இருப்பார் என்றாவது முன்பதிவின்போது தெரிந்திருக்கும்.

ஈசூன்வாசி

இது நல்ல யோசனை. தாதி எந்த மொழி பேசுவார் என்பதை ஹெல்த்ஹப் செயலியில் முன்பதிவு செய்யும்போதே பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதுவே பெரிய உதவி. கூடுதலாக ஒரு ஆள்கூட எடுக்க வேண்டாம்.

ஆனால் என் கேள்வியை விடவில்லை. பட்டயம் படித்த தாதிதான் எல்லாம் செய்ய வேண்டுமா? இரத்த அழுத்தம் பார்ப்பது, வயதானவரைக் கூட்டிப் போய் உட்கார வைப்பது, அவர் சொல்வதைக் கேட்டு எழுதுவது, அடுத்த வருகையை நினைவூட்டுவது, இதற்கெல்லாம் இரண்டு வருடப் படிப்பு வேண்டுமா?

திருச்சிக்காரி

இந்த இடத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். அந்தந்தக் கிராமத்துப் பெண்களே வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். என் அத்தைக்கு அப்படித்தான் வருகிறது. வருகிற பெண் அத்தையின் பக்கத்துத் தெரு. மாத்திரைப் பட்டையை வாங்கி எண்ணிப் பார்த்து, "என்ன அத்தை, நாலு மிச்சம் இருக்கு?" என்று கேட்டுவிடுவாளாம். அத்தையால் அவளிடம் பொய் சொல்ல முடியாது. நான் இங்கிருந்து எத்தனை முறை கேட்டாலும் "போட்டுட்டேன்டி" என்றுதான் பதில் வரும்.

ராத்திரி ஷிப்ட்

அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்றும் சொல்லுங்கள். ஊக்கத்தொகைதானே, நிரந்தரச் சம்பளம் இல்லையே. எனக்கு அந்தப் பயம் உண்டு. நடுவயதுப் பெண் என்றால் சேவை மனப்பான்மையோடு குறைந்த காசுக்கு வருவாள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஈசூன் அண்ணே, உங்கள் மனைவி கணக்குப் பார்த்து வாங்கிய சம்பளத்தில் பாதிக்கு இந்த வேலைக்கு வருவாரா? வந்தாலும் எத்தனை வருடம் தாங்குவார்?

ஈசூன்வாசி

நேர்மையாகச் சொன்னால், பாதிக்கு வரமாட்டாள். வீட்டுக் கடன் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்து, வாரத்தில் மூன்று நாள் என்றால் வருவேன் என்கிறாள். நேற்று ஒரு மருந்தகக் குழுமத்துக்குப் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் வேலையைப் பற்றி எழுதியும் கேட்டிருக்கிறாள், பகுதிநேரம் உண்டா என்று. பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

தங்கச்சி, குடும்பத்தைக் கூட்டி வரும் விஷயத்தில் நீங்கள் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. பத்து வருடம் இந்த ஊர்க்காரர்களைக் கவனித்தவர் தன் பிள்ளையோடு இருக்க முடியவில்லை என்பது தவறு, அதை மாற்ற வேண்டும். இருந்தாலும் முதல் வெள்ளி இங்கிருப்பவர்களுக்கே போக வேண்டும் என்பதில் நான் இன்னும் நிற்கிறேன்.

திருச்சிக்காரி

நில்லுங்கள் அண்ணே, நானும் என் இடத்தில்தான் நிற்கிறேன். முதல் வெள்ளி தங்க வைப்பதற்கு.

அம்மாவுக்கு ஒன்று செய்யுங்கள். தினமும் குளித்ததும் விரல் இடுக்கை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். தரையில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து, பாதத்தைத் தூக்கிக் காட்டி அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் எது தெரிந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம். கோயிலுக்குப் போனால் வெயில் ஏறிய வாசலில் வெறுங்காலோடு நிற்க விடாதீர்கள், சுட்டாலும் அவருக்குத் தெரியாது. புதுச் செருப்பு போட்டால் முதல் நாள் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு நீங்கள் போக முடியாவிட்டால், "கண்ணை மூடிக்குங்க, படும்போது சொல்லுங்க" என்று தமிழை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். எந்த நாட்டுத் தாதியாக இருந்தாலும் வாசித்துவிடுவார்.