சீதனக் காணியை விற்க யாரைக் கேட்க வேண்டும்?

வளவுக்காரி:
தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம்) உட்பட்ட கலியாணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு அது. நகையை விற்க யாரையும் கேட்கத் தேவையில்லை. அதே காணியை மரணசாதனத்தில் விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம், அதற்கும் சம்மதம் வேண்டாம். உயிரோடு இருக்கும்போது மட்டும் அவளுடைய கையெழுத்துப் போதாது. புருஷன் தன் காணியை விற்க மனைவியைக் கேட்க வேண்டியதும் இல்லை. பாராளுமன்றம் இதை மாற்ற வேண்டும்.

கோண்டாவிலான்:
குறை இருக்கிறது அக்கா, மறுக்கவில்லை. ஆனால் யாரிடம் போய்க் கேட்கிறீர்கள்? பாராளுமன்றத்தின் 225 பேரில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்? 1956 இல் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டமும் வாக்கெடுப்பில் வென்றுதான் வந்தது. சிறுபான்மைக்குக் காப்பாக அப்போதைய சோல்பரி அரசியல் யாப்பில் 29 ஆம் பிரிவு இருந்தது. அதை நம்பி வழக்குப் போட்டார் கோடீஸ்வரன் என்ற அரச ஊழியர். சிங்களப் பரீட்சைக்குப் போகவில்லை என்று அவருடைய சம்பள உயர்வை நிறுத்தியிருந்தார்கள். 1964 இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். வழக்கு இழுபட்டு 1969 இல் லண்டனில் இருந்த மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் வரை போனது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு முடிவான விடை வருவதற்குள் 1972 யாப்பு வந்து 29 ஆம் பிரிவையே இல்லாமல் செய்துவிட்டது.

தேசவழமையில் கை வைக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும். இன்றைக்கு ஒரு வரி, நாளைக்கு முழுச் சட்டமும் போகும். மாற்றுவதென்றால் நாங்களே மாற்றுவோம்.

வளவுக்காரி:
எந்தச் சபையில் வைத்து மாற்றுவோம் அண்ணை? 2013 இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்தது. பிறகு தேர்தலே இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா. புருஷன் 2009 இல் காணாமல் போனவர். மகளின் படிப்புக்காக இரண்டு பரப்புக் காணியை விற்கப் பார்த்தார். தாய் சீதனமாகக் கொடுத்தது, உறுதியும் அவருடைய பெயரில்தான். நொத்தாரிசு உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவருடைய சம்மதம் எங்கே?" என்று கேட்டார். இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டுமாம். புருஷன் இருக்கும் இடம் தெரியாது என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். இத்தனை வருடமாக அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிற மனுசி அவர். வழக்கு இழுக்க, காணி வாங்க வந்தவர் வேறு இடம் பார்த்துவிட்டார்.

சட்டம் படிப்பவன்:
அடிப்படை உரிமை மனுப் போடலாமே என்று யாராவது கேட்பீர்கள். பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று இப்போதைய அரசியல் யாப்பின் 12 ஆம் உறுப்புரை சொல்வது சரிதான். ஆனால் யாப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அந்த உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது 16 ஆம் உறுப்புரை. அதனால் சட்டமாக்கும் சபை ஒன்றுதான் இதைத் தொடலாம்.

கோண்டாவிலான்:
அந்த அக்காவுக்கு நடந்தது கொடுமை. அவருடைய புருஷன் எங்கே என்று பதில் சொல்லாத அரசா அவருக்கு உரிமை தரப்போகிறது? பயங்கரவாதத் தடைச் சட்டமும் 1979 இல் தற்காலிகம் என்றுதான் வந்தது. 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். எனக்கு அந்தப் பயம்தான்.

வலிவடக்கான்:
மொழிச் சட்டத்துக்கு அடுத்த வருடம், 1957 இல், சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே பாராளுமன்றம்தான். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியினரான எங்கள் ஆட்கள் உள்ளே விடச் சொல்லி நின்றார்கள். "இது எங்கள் வழக்கம்" என்று மறித்தவர்களும் தமிழர்தான். முன்னாள் அமைச்சர் சுந்தரலிங்கம் முன்னுக்கு நின்று மறித்தார். அவர் மேல் வழக்குப் போனது இந்த 1957 சட்டத்தின் கீழ்தான். என் பெரியப்பா அந்தக் கூட்டத்தில் நின்றவர். ஊரில் வாக்கெடுப்பு வைத்திருந்தால் வாசல் திறந்திருக்குமா, கோண்டாவிலான்? கொழும்பில் நாங்கள் சிறுபான்மை. ஊருக்குள் நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் கதைக்க வேண்டும்.

கோண்டாவிலான்:
திறந்திருக்காது. அதற்காக, கொழும்பு எழுதுவதெல்லாம் எங்கள் நன்மைக்கு என்று ஏற்க முடியாது.

வளவுக்காரி:
ஏற்கச் சொல்லவில்லை. வரைவை நாங்களே எழுதுவோம். 6 ஆம் பிரிவில் அசையாச் சொத்துக்குப் புருஷனின் எழுத்துச் சம்மதம் கேட்கும் அந்த வரியை மட்டும் எடுக்க வேண்டும். முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து), காணியில் பங்காளிகளுக்கு உள்ள முன்வாங்கும் உரிமை ஒன்றையும் தொடக்கூடாது. எங்கள் மாவட்ட உறுப்பினர்களிடம் கொடுத்துத் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவரச் சொல்லுவோம். நீங்கள் கையெழுத்து வைப்பீர்களா அண்ணை?

கோண்டாவிலான்:
வரைவை இங்கே போடுங்கள். அந்த ஒரு வரியோடு நின்றால் வைக்கிறேன். பாராளுமன்றக் குழுநிலை விவாதத்தில் வேறு ஏதாவது சேர்த்தார்களென்றால் முதல் ஆளாக எதிர்ப்பேன்.