முப்பது கிளப் மாறியவர் தோற்றவரா?

மாடிவீட்டு கீப்பர் (கேள்வி):
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 2010 உலகக் கோப்பை உருகுவே - கானா கால் இறுதியைத் திரும்பப் பார்த்தேன். கடைசி பெனால்டிக்கு 13ஆம் எண் சட்டையில் நெட்டையாய் ஒருவர் வருகிறார். கீப்பர் ஒரு பக்கம் பாய்கிறார்; இவரோ பந்தை நடுவில் அலுங்காமல் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுகிறார். உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு. தேடிப் பார்த்தால் 11 நாடுகளில் முப்பதுக்கு மேல் கிளப்! இவ்வளவு கைகாரரை ஏன் ஒருவரும் நிலையாக வைத்துக்கொள்ளவில்லை? ஒழுங்குப் பிரச்சினையா? என் அக்கா மகனும் மூன்று வருடத்தில் நான்காவது அணிக்குப் போய்விட்டான். வீட்டில் அவனுக்குத் தினமும் அர்ச்சனை. அதனால்தான் கேட்கிறேன்.

தூத்தூர் லெப்ட் பேக்:
'லோக்கோ', அதாவது கிறுக்கன் என்று பட்டப்பெயர் இருப்பதால் அப்படித் தோன்றும். ஆனால் பாதி இடமாற்றம் அவர் கையிலேயே இல்லை.

1998இல், 21 வயதில், ஸ்பெயினின் டெபோர்ட்டிவோ லா கொருன்யா அவரை வாங்கியது. அங்கே லீக்கில் 15 ஆட்டம், 3 கோல். அதோடு சரி. அப்புறம் வருடக்கணக்கில் இரவல்: பிரேசிலில் கிரேமியோ, மெக்சிகோவில் டெகோஸ், அர்ஜென்டினாவில் சான் லோரென்சோ, சொந்த நாட்டில் நசியோனல். காகிதத்தில் ஸ்பெயின்காரர்களின் ஆள், பெட்டி படுக்கை வேறெங்கோ. 2000இல் டெபோர்ட்டிவோ ஸ்பெயின் லீக்கான லா லிகாவில் பட்டம் வென்றபோதும் இவர் வெளியூரில்தான்.

மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அப்போது ஆறு மாதத்துக்கு ஒரு சாம்பியன். தொடர் குறுகினால் ஒப்பந்தமும் குறுகும். 2002இல் மெக்சிகோவின் குருஸ் அசுலுக்காக ஒரே குறுந்தொடரில் 19 கோல், பட்டியலில் முதலிடம். 2006இல் அதே நாட்டில் டொராடோஸ் அணி. கூட ஆடியவர் யார் தெரியுமா? பின்னாளில் பெரிய பயிற்சியாளரான பெப் குவார்டியோலா! அப்ரேயு கோலாக அடித்துத் தள்ளியும் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. அடுத்து மான்டெரே. இறங்கிய கிளப்பில் உட்கார்ந்து அவர் என்ன செய்வார்?

நானும் ஏழு சீசன் மலப்புறத்தில் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து ஆடியவன். கமுகு மரத்தில் கட்டிய கேலரி, ராத்திரி லைட், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. திங்களன்று ஒரு சட்டை, வியாழனன்று எதிராளியின் சட்டை. ஒரு முதலாளி மூன்று ஆட்டக் காசை இன்றுவரை தரவில்லை, போகட்டும். நான் கற்ற முதல் மலையாளச் சொல் 'ஆளுண்டு'. பின்னால் ஆள் வருகிறான், பந்தை விடு என்று அர்த்தம். அது தெரியாத முதல் நாள் முதுகில் வாங்கிய இடி இன்னும் மழைக்காலத்தில் வலிக்கும். புது இடத்தில் பத்து நிமிடத்துக்குள் கீப்பர் கூப்பிட்டால் வெளியே வருவானா, விங்கர் எந்தக் காலில் கிராஸ் போடுவான் என்று பிடித்துவிட வேண்டும். அதை அப்ரேயு ஸ்பானிஷ் பேசாத இஸ்ரேலிலும் கிரீஸிலும்கூடச் செய்ய வேண்டியிருந்தது. 44 வயதில், 2021இல்தான் பூட்ஸைக் கழற்றினார்.

அந்தத் தூக்கல் பெனால்டியும் திடீர்க் கிறுக்கு இல்லை. இரண்டரை மாதம் முன்பே பிரேசிலின் பொட்டாபோகோவுக்காக பிளமெங்கோவுக்கு எதிராக அடித்துப் பார்த்திருந்தார். கம்பியில் பட்டு உள்ளே விழுந்தது!

பிடோக்வாசி:
அதிக கிளப்புகளுக்கு ஆடியவர் என்று அப்ரேயு உடைத்தது யாருடைய சாதனை என்றும் சொல்லுங்கள் அண்ணே. ஜெர்மனியின் லுட்ஸ் ஃபானென்ஸ்டீல், 25 கிளப். 2018இல் அப்ரேயு சிலியின் ஆடாக்ஸ் இத்தாலியானோவுக்குப் போனபோது அது 26ஆவது. லுட்ஸ் எங்கள் பக்கத்திலும் ஆடியவர்: மலேசியாவில் பினாங்கு, இங்கே சிங்கப்பூரில் கேலாங் யுனைடெட். இங்கேயே சூதாட்ட வழக்கில் தண்டனை பெற்று 101 நாள் உள்ளே இருந்தார். தான் குற்றமற்றவன் என்றுதான் இன்றும் சொல்கிறார். 2002 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தில் ஒரு மோதலில் மூச்சே நின்று, மைதானத்தில் வைத்து உயிரை மீட்டார்கள். அதற்கப்புறமும் ஆடி, பிரேசிலோடு ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் ஆடி முடித்தார்.

மாடிவீட்டு கீப்பர்:
மருமகனிடம் கேட்டேன். இரண்டு முறை இரவலாம், ஒரு முறை கிளப்பையே மூடிவிட்டார்களாம். இவ்வளவு நாள் நாங்கள் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

தூத்தூர் லெப்ட் பேக்:
ஒன்று கவனிக்கச் சொல்லுங்கள். ஃபிஃபா விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பெயர் பதியலாம், பொதுவாக இரண்டுக்குத்தான் ஆடலாம். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே உட்கார்ந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில் ஆடுகிறான்?

மாடிவீட்டு கீப்பர்:
மாமனைப் போலவே, கீப்பர்.

தூத்தூர் லெப்ட் பேக்:
அட, அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பதினொரு பேரில் அந்த இடம் ஒன்றுதான். முதல் கீப்பருக்குக் காயம் படாவிட்டால் வருடம் முழுக்க பெஞ்சுதான். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.