தோட்டத் தொழிலாளர்களுக்கு இன்சுலின் அளவைப் புரிய வைப்பது எப்படி?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சர்க்கரை நோயாளிகளுக்கு விளக்கம் சொல்றோம். எல்லாரும் தலையாட்டுறாங்க, வீட்டுல ஊசி அளவு மாறிடுது. என்ன செய்யலாம்?

பதில் 1: "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா "ஆமாங்க"ன்னுதான் வரும் அக்கா. சிரிஞ்சை அவங்க கையிலயே கொடுத்து 20 யூனிட் இழுக்கச் சொல்லிப் பாருங்க. ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற மருந்துக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் இருக்கிறதுக்கு ஆரஞ்சு மூடி. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சுல 20 கோடு வரை இழுத்தா உள்ளே போறது 50 யூனிட். உயிருக்கே ஆபத்து.

பதில் 2: ஊட்டி உறைபனிக் காலத்துல மருந்தை ஜன்னலோரம் வைக்க வேண்டாம். ஒருமுறை உறைஞ்சதை உருகினாலும் போடக் கூடாது.

பதில் 3: கொழுந்து பறிக்கிறப்போ ரத்தத்துல சர்க்கரை ரொம்பக் குறைஞ்சு வேர்வை, நடுக்கம் வந்தா 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். 15 நிமிஷத்துல அடங்கலைன்னா மறுபடியும். பொட்டலம் மடியிலயே இருக்கட்டும். மயங்கினா வாயில எதையும் ஊத்தாம 108ஐக் கூப்பிடச் சொல்லுங்க.