வீட்டுக்குள் சிக்னல் இல்லை: சிம்மை மாற்றவா, போனை மாற்றவா?

கம்பத்துக்காரன்:
வணக்கம். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், தார்சு வீடு. ஆறு வருடமாக இதே சிம்தான், பெரிதாகக் குறை சொன்னதில்லை. இரண்டு மாதமாக வீட்டுக்குள் வந்தால் ஒரே கோடு, சமையலறையில் அதுவும் இல்லை. பேசும்போது நெட் நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப் செய்தியெல்லாம் பேசி முடித்த பிறகு மொத்தமாக வந்து விழுகிறது. மொட்டை மாடியில் மட்டும் சிக்னல் சரி. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன் தினமும் குடை பிடித்துக்கொண்டு மீட்டிங்கில் உட்கார முடியுமா? மூன்று முறை புகார் கொடுத்தும் "உங்கள் பகுதியில் கோளாறு இல்லை" என்று முடித்துவிட்டார்கள். கோபத்தில் நேற்று 1900-க்கு போர்ட் மெசேஜ் போட்டு, நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போவதற்கான யுபிசி எண்ணும் வாங்கிவிட்டேன். எந்தக் கம்பெனிக்குப் போகலாம்?

மலையோரம்:
5ஜியை அணைத்து 4ஜி மட்டும் வைத்துப் பாருங்கள். எனக்கு அதில் சரியானது.

கம்பத்துக்காரன்:
பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.

பழைய ரேடியோ:
கொஞ்சம் பொறுங்கள் தம்பி. மாறிவிட்டால் 90 நாள் அங்கேதான். பிரீபெய்டு பாக்கியும் கூட வராது. இரண்டு மாதத்துக்கு முன்னால் வேறு என்ன மாறியது? போன் புதிதா?

கம்பத்துக்காரன்:
ஆமாம் அண்ணா. மச்சான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த போன். விலை கூடுதல், அதனால் அதைச் சந்தேகப்படவே இல்லை.

பழைய ரேடியோ:
நான் நினைத்தேன்! உங்கள் சிம்மை வீட்டில் இருக்கும் வேறு போனில் போட்டு, அதே சமையலறையில் அதே இடத்தில் நின்று பாருங்கள். கோட்டை எண்ணாதீர்கள், ஒவ்வொரு போனும் அதைத் தன் இஷ்டத்துக்கு வரையும். செட்டிங்ஸில் 'போனைப் பற்றி', அதற்குள் 'சிம் நிலை' என்று போனால் டிபிஎம் கணக்கு, அதாவது சிக்னலின் உண்மையான பலம், தெரியும். மைனஸ் 90 என்றால் நன்றாக இருக்கிறது. 110-ஐத் தாண்டினால் தடுமாறும், 120-ல் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

கம்பத்துக்காரன்:
அம்மாவின் பழைய போனில் மைனஸ் 101, என் போனில் மைனஸ் 119. பேசிக்கொண்டே நெட்டும் ஓடுகிறது, அம்மா போனில்! தலை சுற்றுகிறது.

பழைய ரேடியோ:
சிம் மேல் தப்பில்லை. 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரித் தாழ்ந்த அலைவரிசைதான் சுவரைத் தாண்டி உள்ளே வரும். ஒவ்வொரு அலைவரிசைக்கும் 'பேண்ட்' என்று ஒரு எண் உண்டு, நம் ஊரில் அது பேண்ட் 8. அமெரிக்க கம்பெனிகள் அதைப் பயன்படுத்துவதில்லை, நம் 2300-ஆன பேண்ட் 40-ஐயும் அப்படித்தான். அதனால் அங்கே விற்கிற பல மாடல்களில் இவை இருக்காது. உங்கள் போன் 1800-ஐ மட்டும் நம்பி ஓடுகிறது போல. அது மாடியில் கிடைக்கும், காங்கிரீட்டுக்குள் கிடைக்காது. மாடல் எண்ணைத் தேடி பேண்ட் பட்டியலில் 8 இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு மாடல் எண் வேறு.

பேசும்போது நெட் நிற்பது தனிக் கதை. அந்தப் போனில் உங்கள் சிம்முக்கு வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே பேசும் வசதி, ஓடவில்லை; அழைப்பு 2ஜிக்கு இறங்கிவிடுகிறது. இதே போனோடு ஜியோவுக்குப் போயிருந்தால் இன்னும் வம்பு. அங்கே 2ஜியே கிடையாது. வோல்ட்டி இல்லாவிட்டால் சாதாரண அழைப்புகூடப் போகாது.

கம்பத்துக்காரன்:
பார்த்துவிட்டேன் அண்ணா. 8-ம் இல்லை, 40-ம் இல்லை. மச்சானிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.

மலையோரம்:
வீட்டு வைஃபையில் படம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். சிம்முக்கு இங்கே விற்கும் போன் ஒன்று போதும். பெட்டியில் பேண்ட் பார்த்து வாங்குங்கள்.

கம்பத்துக்காரன்:
சரி. அப்புறம், வாங்கிய யுபிசியை என்ன செய்வது? ரத்து செய்ய வேண்டுமா?

பழைய ரேடியோ:
ஒன்றும் செய்ய வேண்டாம். யாரிடமும் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். நம் தமிழ்நாட்டு டெலிகாம் வட்டத்தில் 4 நாளில் தானாகக் காலாவதியாகிவிடும்.