‘டிக்’னு சத்தம் மட்டும் வந்துச்சு, குண்டு போகல. உடனே துப்பாக்கியோட பின்பக்கத்தை மூடுற போல்ட்டைத் திறந்தது அவ்வளவு பெரிய தப்பா?

மலைக்கோட்டை22:
ரைஃபிள் கிளப்ல சேர்ந்து நாலு மாசம் ஆகுது. 50 மீட்டர், படுத்துச் சுடுறது. கிளப்போட .22 (சின்னக் குண்டு) போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். ஞாயித்துக்கிழமை பதினோராவது ரவுண்டுல டிரிகரை அழுத்தினா ‘டிக்’னு சத்தம், அவ்வளவுதான். நமுத்துப்போச்சு போலன்னு உடனே போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்துட்டேன். பக்கத்து லேன் அண்ணன்கிட்ட காட்டலாம்னு ரைஃபிளோட எழுந்து திரும்பினேன். ரேஞ்ச் ஆபீசர் மொத்த லைனையும் நிறுத்திட்டார். அன்னைக்குப் பூரா ஸ்கோர் எழுதுற வேலைதான். தோட்டாதான் வெளிய வந்துடுச்சே, காலித் துப்பாக்கிக்கு இவ்வளவா? அதே பெட்டியில இன்னும் ரெண்டு ரவுண்டும் அப்படித்தான் பண்ணுச்சு. கோளாறு தோட்டாவுலயா, துப்பாக்கியிலயா?

பழைய உஸ்தாத்:
தம்பி, தீபாவளிக்கு வெடிக்காத வெடியைக் குனிஞ்சு பார்த்தா வீட்டுல என்ன சொல்லுவாங்க? அதேதான். ‘டிக்’னு கேட்ட பிறகும் உள்ள மெதுவாப் பத்திக்கிட்டு இருக்கலாம். போல்ட் மூடியிருந்தா குண்டு மண்மேட்டுல போய் விழும். திறக்கிற நேரம் பார்த்து வெடிச்சா பித்தளைக் கூடு கிழிஞ்சு உன் முகத்துக்குத்தான் வரும். முனை டார்கெட் பக்கமே இருக்கட்டும், கையைத் தூக்கு, 30 வரைக்கும் நிதானமா எண்ணு.

காலின்னு உனக்குத் தெரியும், லைன்ல இருக்கிற மத்தவங்களுக்கு? .22 தானேன்னு நினைக்காதே, தவறிப்போனா ஒரு கிலோமீட்டர் தாண்டும். துப்பாக்கி காலின்னு காட்டச் சொருகுற சேஃப்டி ஃப்ளாக் போடுறதே அடுத்தவன் கண்ணுக்காகத்தான்.

இதைவிட மோசமானது ‘டிக்’ இல்ல, ‘புஸ்’. நான் உஸ்தாதா (பயிற்சி கொடுக்கிறவனா) இருந்த என்.சி.சி. கேம்ப் ஒண்ணுல ஒரு பொண்ணு, “உஸ்தாத், இந்த ரவுண்டு சத்தமே சரியில்ல”ன்னு கையைத் தூக்குச்சு. டார்கெட்டுல ஓட்டை இல்ல. போல்ட்டைக் கழட்டிட்டு பின்பக்கமாக் கம்பியை விட்டா பாதியில முட்டுது. ஈயக் குண்டு பேரலுக்குள்ளயே உட்கார்ந்திருக்கு! அடுத்த ரவுண்டைப் போட்டிருந்தா பேரல் வீங்கியிருக்கும், இல்ல பிளந்திருக்கும். அந்தப் பொண்ணுக்கு அன்னைக்கு என் டீயைக் கொடுத்தேன்.

எண்ணெய்க்கை:
வெடிக்காத ரவுண்டோட விளிம்பைப் பாருங்க. .22ல பத்தவைக்கிற மருந்து விளிம்புக்குள்ளதான் இருக்கு. ஃபயரிங் பின் (டிரிகரை அழுத்தினதும் தோட்டாவைக் குத்துற ஊசி) ஆழமாக் குத்தியும் வெடிக்கலன்னா அந்த இடத்துல மருந்து சரியாப் பரவல, தோட்டா கோளாறு. லேசாப் பட்டிருந்தா பின், ஸ்பிரிங், இல்லன்னா போல்ட் முழுசா மூடல. இன்னொண்ணு, காலியா டிரிகர் அடிச்சுப் பழகுவீங்களா? சில பழைய .22ல பின் போய் தோட்டா உட்காருற சேம்பர் விளிம்புல இடிச்சு மேடு தட்டிடும். அப்புறம் கூடு சிக்கும்.

மலைக்கோட்டை22:
மூணும் லேசான தடம்தான் அண்ணே. இன்னைக்கு ஆபீசர் முன்னாடியே போல்ட்டைப் பிரிச்சாங்க. உள்ள பழைய எண்ணெயும் கரியும் சேர்ந்து கோந்து மாதிரி ஒட்டிக்கிடந்துச்சு, பின் ஒழுங்கா நகரவே இல்ல. துடைச்சு மாட்டினதும் 20 ரவுண்டும் வெடிச்சுது. உஸ்தாத், அந்த மூணு தோட்டாவும் என் பையிலதான் இருக்கு. தூக்கிப் போட்டுடலாமா?

பழைய உஸ்தாத்:
பையிலயா! நாளைக்குக் காலையில முதல் வேலையா ரேஞ்ச் ஆபீசர்கிட்ட கணக்கோட ஒப்படைச்சிடு. எங்க காலத்துல ஒரு காலிக்கூடு குறைஞ்சாலே இருட்டுற வரைக்கும் புல்லுக்குள்ள தேடணும்.