தலையில் அடிபட்டு நினைவு தெளியாதவருக்காக விபத்து வழக்கில் யார் கையெழுத்திடுவது?

கேள்வி (குன்னத்தூர் பக்கத்திலிருந்து ஒருவர்)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர், வயது 34. தன் அண்ணன் ஓட்டிய பைக்கில் பின்னால் அமர்ந்து வந்தபோது, பெருமாநல்லூரைத் தாண்டி ஒரு டிப்பர் லாரி மோதியதில் தலையில் பலத்த காயம்பட்டது. கோவையில் அறுவை சிகிச்சை முடிந்து இப்போது வீட்டில்தான் இருக்கிறார். கண் திறந்து பார்க்கிறார். ஆனால் பெற்ற மகள் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் அடையாளம் தெரிந்ததற்கான குறி எதுவும் முகத்தில் இல்லை. கஞ்சி மூக்குக்குழாய் வழியாகத்தான் போகிறது.

இழப்பீட்டு வழக்குக்கான காகிதங்களைத் தயார் செய்பவர், வக்காலத்தில் (வழக்கறிஞரை நியமிக்கும் பத்திரத்தில்) மாப்பிள்ளையின் பெருவிரல் ரேகையை உருட்டிக் கொடுத்தால் போதும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தங்கையின் மாமனாரோ, வீட்டுப் பெண் கோர்ட் படி ஏற வேண்டாம், மூத்த மகன் பெயரிலேயே வழக்கு நடக்கட்டும் என்கிறார். பணம் மருமகளின் பிறந்த வீட்டுக்குப் போய்விடுமோ என்ற கவலையும் அவருக்கு இருப்பது தெரிகிறது. சட்டப்படி யார் கையெழுத்திட வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ஈரோட்டில் தொழில் செய்யும் வழக்கறிஞர்)

முதலில், அந்த ரேகையை எடுக்காதீர்கள். எதற்காக என்று அறியாத நிலையில் இருப்பவரின் விரலைப் பிடித்து வைத்த ரேகை சம்மதம் ஆகாது. அதே மனுவில் பின்னர், அவருக்கு நினைவே இல்லை, 100 சதவீத ஊனம் என்று நீங்கள் வாதாடும்போது, அப்படியானால் வக்காலத்து கொடுத்தது யார் என்று இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞர் கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. பவர் பத்திரம் எழுதலாம் என்று யாராவது யோசனை சொன்னாலும் அதற்கும் இதே குறைதான். முன்பே எழுதிக் கொடுத்த பவர் இருந்தாலும், கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி அது முடிவுக்கு வந்துவிடும்.

இதற்கான வழி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் ஆணையில் இருக்கிறது. மைனருக்காக நெக்ஸ்ட் பிரெண்ட், அதாவது அவர் சார்பில் நிற்கும் பெரியவர் ஒருவர், வழக்கு நடத்துவது போலவே, மனநலக் குறைவால் தன் நலனைத் தானே காத்துக்கொள்ள இயலாதவர் என்று நீதிமன்றம் விசாரித்துக் கண்டறியும் ஒருவருக்காகவும் நடத்தலாம் என்று அதன் 15ஆம் விதி சொல்கிறது. அவரை மனநிலை சரியில்லாதவர் என்று வேறொரு நீதிமன்றம் முன்பே அறிவித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அசல் மனுவை மாப்பிள்ளையின் பெயரில், ‘நெக்ஸ்ட் பிரெண்டாகிய மனைவி மூலம்’ என்று போட்டு, கூடவே அனுமதி கேட்டு ஓர் இடைமனுவும், தங்கையின் அபிடவிட்டும், டிஸ்சார்ஜ் சம்மரியும், நரம்பியல் மருத்துவரின் சான்றும் தாக்கல் செய்யுங்கள்.

அண்ணனை நியமிப்பது சரிவராது. நியமிக்கப்படுபவரின் நலன் காயமடைந்தவரின் நலனுக்கு எதிராக இருக்கக் கூடாது, அவரே எதிர்மனுதாரராகவும் இருக்கக் கூடாது என்பது 4ஆம் விதி. பைக்கை ஓட்டியவர் அவர்தான். லாரியின் இன்சூரன்ஸ் நிறுவனம், தவறில் ஒரு பங்கு பைக் ஓட்டியவருடையது என்று எதிர்வாதம் செய்யும். அவரையும் வழக்கில் சேர்க்கச் சொல்லும். இரண்டு வண்டிகளின் தவறாலும் அடிபட்ட ஒருவர், முழு இழப்பீட்டையும் ஒரு தரப்பிடமிருந்தே வசூலிக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய வழக்கை, தன் மேல் பழி வருமோ என்ற அச்சத்தில் இருக்கும் ஒருவர் தாங்கி நடத்துவது தம்பிக்கு நியாயம் செய்யாது. அண்ணன் மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கண்ணால் கண்ட சாட்சியாக வரட்டும். அவரிடமிருந்து வழக்குக்குத் தேவைப்படுவது அதுதான்.

விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற வரம்பு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் வந்திருக்கிறது. குடும்பப் பேச்சு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம் இரண்டில் எதற்குரிய தீர்ப்பாயத்தையும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

பதில் (நாமக்கல் வாசகி)

என் அப்பாவுக்காக அம்மா இப்படித்தான் வழக்கு நடத்தினார். உங்கள் மாப்பிள்ளை போலன்றி அப்பா பேசுவார். அதனால் நெக்ஸ்ட் பிரெண்ட் தேவையில்லை என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றோம். நீதிபதி பெயர் கேட்டார். அப்பா முழுப் பெயரையும் ஊரையும் கணீரென்று சொன்னார். நூறு ரூபாயில் முப்பது ரூபாய் செலவானால் மீதி எவ்வளவு என்று கேட்டபோது, எதிரே இருந்த மேசையைத் தடவிக்கொண்டே மறுபடியும் தன் பெயரைச் சொன்னார். எதற்காக இங்கே வந்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கும் அதே பதில்தான். நீதிபதி அதை அப்படியே குறித்துக்கொண்டு அம்மாவுக்கு அனுமதி அளித்தார். பேச முடிகிறதா என்பதை அல்ல, தன் நன்மை தீமையை அறிந்து முடிவெடுக்க முடிகிறதா என்பதையே பார்க்கிறார்கள். படுக்கையிலிருந்து எழுப்ப முடியாதவர் என்றால், வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படி கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மாமனாரிடம் இன்றே பேசுகிறேன். பணத்தைப் பற்றி அவர் கேட்டால் என்ன சொல்வது? மாப்பிள்ளையின் வங்கிக் கணக்கில் இருக்கும் சம்பளப் பணத்தை மருந்துச் செலவுக்கு எடுக்க இதே உத்தரவு போதுமா?

பதில் (ஈரோட்டு வழக்கறிஞர்)

மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள்: வரும் பணம் மருமகளுடையதும் அல்ல, மூத்த மகனுடையதும் அல்ல, காயம்பட்டவருடையது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் நெக்ஸ்ட் பிரெண்ட் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. இத்தகையோரின் தொகையை வைப்புநிதியில் போட்டு, வட்டியைக் குடும்பச் செலவுக்கு வழங்குவதும், பெரிய சிகிச்சை வந்தால் மனுவின் பேரில் அசலில் ஒரு பகுதியை விடுவிப்பதும்தான் தீர்ப்பாயங்களின் வழக்கம். சமரசத்துக்கு ஒப்புக்கொள்வதற்கும் அதே 32ஆம் ஆணையின் 7ஆம் விதிப்படி அனுமதி வேண்டும். லோக் அதாலத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம் என்று தங்கையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான செலவையும் வயதுக்குரிய பெருக்கெண்ணைக் கொண்டு (ஆண்டுத் தொகையை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கி) கணக்கிட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பார்த்துக்கொள்பவர் மனைவியே ஆனாலும் அந்தத் தலைப்பில் கேட்கத் தவறாதீர்கள்.

வங்கிக் கணக்குக்கு இந்த உத்தரவு போதாது. நெக்ஸ்ட் பிரெண்டின் அதிகாரம் அந்த ஒரு வழக்கோடு நின்றுவிடும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வரும் நியமனப் பிரதிநிதியும் சிகிச்சை முடிவுகளுக்கு மட்டுமே. நினைவிழந்தவரின் சொத்தையும் கணக்கையும் கையாள, அரசமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கிறது. கோமாவில் இருந்த ஒருவரின் சொத்தைக் கையாள மனைவியைக் காப்பாளராக நியமித்து, 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டிருக்கிறது. கணக்கில் இருக்கும் தொகை சிறியதென்றால், அதற்காகச் சென்னை வரை போவதா என்பதை வழக்குச் செலவையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மாப்பிள்ளை தேறி வந்தால், வழக்கைத் தன் பெயரிலேயே தொடர்வதாக அவரே மனுச் செய்யலாம். நெக்ஸ்ட் பிரெண்டை விடுவித்துவிட்டு வழக்கு நின்ற இடத்திலிருந்து மேலே நடக்கும்.